யாரோ பார்க்க யோசிப்பது

2020இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மைக்ரோசாஃப்டைச் சேர்ந்தவர்களுடன் இணைந்து ஒரு சோதனை நடத்தினார்கள். கணினி அறிவியல் படிக்கும் 48 மாணவர்களை அழைத்து கோடிங் கணக்கு கொடுத்தார்கள். ஒரு பிரிவினர், வழக்கமான நேர்காணல் போல ஒயிட்போர்டு முன் நின்று, பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். மற்றப் பிரிவினருக்கும் ஒயிட்போர்டுதான். ஆனால் தனி அறை; பார்க்க ஆளில்லை, பேசவும் வேண்டியதில்லை. யாரோ பார்த்துக்கொண்டிருந்தபோது மாணவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. பிறர் பார்க்க எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனி அறையில் எழுதிய பெண்கள் எல்லோரும் தேறினார்கள். பங்கேற்றவர்கள் குறைவு என்பதால் பெண்களைப் பற்றிய அந்த முடிவை எல்லா இடத்துக்கும் நீட்டிவிடக் கூடாது. ஆனால் அடிப்படைச் செய்தி தெளிவானது: தெரிந்த கணக்கும் பிறர் முன்னால் தெரியாததாகிவிடுகிறது.

நம் கல்லூரிகளில் சாதாரணமாகக் காதில் விழும் இரண்டு பேச்சுகளை இந்த முடிவு அசைத்துப் பார்க்கிறது. "கோடிங் நன்றாக வந்தால் இன்டர்வியூவைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்பது ஒன்று. "இன்டர்வியூவில் போனவனுக்குக் கோடிங் வராது" என்பது இன்னொன்று. இரண்டுமே பிழை. நிரல் எழுதுவது ஒரு திறமை. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, கடிகாரம் ஓட, யோசனையைச் சொல்லாக்கிக்கொண்டே நிரல் எழுதுவது வேறொரு திறமை. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது என்பது உண்மைதான். ஆனால் முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தயாரிப்பு என்ற பெயரில் நம் மாணவர்கள் செலவிடும் மாதங்களில் பெரும்பகுதி முதல் திறமைக்கே போய்விடுகிறது. இரண்டாவதை நேர்காணல் நாளன்றுதான் முதல் முறையாகச் செய்து பார்க்கிறார்கள். இந்தக் கட்டுரையின் ஆதாரக் கவலை அதுதான்.

இந்த வகை நேர்காணல் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டால், எதற்குத் தயாராகிறோம் என்பது விளங்கும். 1990களில் மைக்ரோசாஃப்ட் புதிர்க் கேள்விகளுக்குப் பேர்போனது. சாலையில் பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பதுபோன்ற கேள்விகள். அவற்றைப் பற்றி வில்லியம் பவுண்ட்ஸ்டோன் 2003இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்குள் வேறொரு கருத்து வலுப்பெற்றிருந்தது. மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000ஆம் ஆண்டிலேயே, வேலைக்கு வருபவரை நிரல் எழுத வைத்துப் பாருங்கள், புத்திசாலியா, காரியத்தை முடிப்பவரா என்ற இரண்டை மட்டும் பாருங்கள் என்று எழுதினார். 2007இல் ஃபிஸ்பஸ் என்ற சின்னஞ்சிறு கணக்கு பரபரப்பானது: 1 முதல் 100 வரை அச்சிடு, 3ஆல் வகுபட்டால் ஃபிஸ், 5ஆல் வகுபட்டால் பஸ், இரண்டாலும் வகுபட்டால் ஃபிஸ்பஸ். விண்ணப்பிக்கிறவர்களில் கணிசமானோர் இதற்கே தடுமாறுகிறார்கள் என்ற புகார், எல்லோரையும் கோடிங் சோதனை வைக்கத் தூண்டியது. கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல், புதிர்க் கேள்விகளால் எந்தப் பயனும் இல்லை, கேட்பவரின் கர்வத்துக்குத்தான் அவை தீனி போடுகின்றன என்ற பொருளில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

புதிர் போன இடத்தில் அல்காரிதம் வந்து உட்கார்ந்தது. கேல் லாக்மன் மெக்டவல் எழுதிய 'கிராக்கிங் த கோடிங் இன்டர்வியூ' 2008இல் வெளியானது. 2015இல் வந்த ஆறாம் பதிப்பில் 189 கேள்விகள் இருந்தன. திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரிசங்கரன் கருணாநிதியும் தொடங்கிய இன்டர்வியூஸ்ட்ரீட், பிறகு ஹேக்கர்ரேங்க் ஆனது. இன்று உலகம் முழுவதும் நிறுவனங்கள் முதல் சுற்றுக் கோடிங் தேர்வை நடத்தும் தளங்களில் அது ஒன்று. லீட்கோட் தளத்தில் இப்போது 3000க்கும் மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன. 2015இல் மேக்ஸ் ஹோவெல் என்பவர், தன்னுடைய ஹோம்ப்ரூ மென்பொருளைக் கூகுள் பொறியாளர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஒயிட்போர்டில் ஒரு பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடத் தெரியவில்லை என்று தன்னை அதே கூகுள் நிராகரித்துவிட்டது என்று ட்விட்டரில் எழுதியது பெரும் விவாதமானது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நேர்காணல் முறையோ பெரிதாக மாறவும் இல்லை.

ஏன் மாறவில்லை? ஸ்போல்ஸ்கி அன்றே எழுதிய ஒரு கணக்கு இதற்குள் இருக்கிறது. நல்லவர் ஒருவரை நிராகரித்தால் நிறுவனத்துக்கு இழப்பு குறைவு. தகுதியில்லாதவரைச் சேர்த்துவிட்டால் இழப்பு அதிகம். ஆகவே சந்தேகம் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது அவர்களுக்கு லாபம். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது, நிராகரிக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு ஆறுதல் வார்த்தையைவிட அதிகம் உதவும். வேண்டாம் என்ற பதில் "உனக்குத் தகுதியில்லை" என்ற தீர்ப்பாக இருக்க வேண்டியதில்லை; "எங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை" என்பதும் அதற்குள் அடக்கம். ஒரே ஆள் ஒரு வாரம் பிரமாதமாகவும் அடுத்த வாரம் சுமாராகவும் செய்வதும் சாதாரணம். அதனால்தான், மிகவும் ஆசைப்படும் நிறுவனத்தை முதல் நேர்காணலாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

நேர்காணல் உண்மையில் எதையாவது அளக்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் நூறாண்டாகப் பதில் தேடிவருகிறார்கள். 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தேர்வு முறைக்கும் பின்னாளில் வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள தொடர்பை அளந்தபோது, எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் முறை என்று கட்டமைத்த நேர்காணலுக்கு 0.51 கிடைத்தது, மனம்போன போக்கில் நடக்கும் நேர்காணலுக்கு 0.38. பால் சாக்கெட் குழுவினர் 2022இல் இந்தக் கணக்குகளைத் திருத்தியபோது முதலாவது 0.42 ஆகவும் இரண்டாவது 0.19 ஆகவும் இறங்கின. இறங்கிய பிறகும் கட்டமைத்த நேர்காணல்தான் பட்டியலில் முதலிடம். 1 என்பது முழுப் பொருத்தம் என்றால் 0.42 என்பது எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம்: இருப்பதில் சிறந்த முறைகூட ஆளைப் பாதிகூடப் பார்ப்பதில்லை.

தேர்வுக்குப் போகிறவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. கட்டமைத்து நடத்தும் நிறுவனங்கள், என்னென்ன சுற்று, எதற்கு எவ்வளவு நேரம், என்ன பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். சொல்லாவிட்டாலும் கேட்டால் சொல்லும். நம் பிள்ளைகள் கேட்பதில்லை. கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம். "எந்த மொழியில் எழுதலாம், கோடு ஓடுமா அல்லது வெறும் எடிட்டரா, எஸ்க்யூஎல் சுற்று தனியாக உண்டா" என்று ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்பது முழுக்க முறையான கேள்வி. அந்த ஒரு பதில் இரண்டு வாரத் தயாரிப்பைத் திசைமாற்றும்.

தமிழ்நாட்டில் இந்தச் சந்தை ஒன்றாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய சேவை நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கின்றன, டி.சி.எஸ். நடத்தும் என்.க்யூ.டி. போன்ற தேர்வுகளில் கணக்கு, ஆங்கிலம், தர்க்கம், பிறகு கோடிங் என்று வரும். அங்கே முதல் தடை ஆப்டிட்யூட். நேருக்குநேர் சுற்று பெரும்பாலும் அடிப்படைகளையும் புராஜெக்டையும் சுற்றியே இருக்கும். பன்னாட்டு மென்பொருள் தயாரிப்பு நிறுவனங்களில் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் இரண்டு மூன்று சுற்று. ஜோஹோவின் வழி தனி. சி மொழியில் வெளியீடு என்ன என்று கேட்கும் எழுத்துத் தேர்வு, லைப்ரரி ஃபங்ஷன் உதவியில்லாமல் எழுத வேண்டிய கணக்குகள், பிறகு ரயில் டிக்கெட் பதிவு போன்ற ஒரு சிறு பயன்பாட்டைச் சில மணி நேரத்தில் கட்டி நிறுத்துவது என்று மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். பட்டத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை என்று அந்த நிறுவனம் சொல்வது வெறும் பேச்சில்லை என்பதற்கு, பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்காக 2000களின் நடுவிலிருந்து அது நடத்திவரும் பள்ளியே சாட்சி. எல்லாவற்றுக்கும் ஒரே லீட்கோட் பட்டியலைப் போட்டுத் தயாராகிறவர், ஜோஹோவின் டிக்கெட் பதிவுச் சுற்றில் கிளாஸ்களை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் நிற்பார். கட்டிப் பழகாதவருக்குக் கணக்குப் போட்ட பழக்கம் அங்கே பாதிதான் கைகொடுக்கும்.

இனி பயிற்சிக்கு வருவோம். இங்கேதான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

பயிற்சி மையமானாலும் யூடியூப் ஆனாலும் வழக்கம் இதுதான்: அர்ரே வாரம், ஸ்ட்ரிங் வாரம், ட்ரீ வாரம், டைனமிக் புரோகிராமிங் வாரம். ஒரு வகையில் முப்பது கணக்கு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. படிக்கும்போது மிக நன்றாகப் போகிற உணர்வு வரும். நேர்காணலில் மட்டும் கணக்கைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. இதற்கான காரணத்தை 2007இல் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் கணிதக் கணக்குகளை வைத்துக் காட்டினார்கள். ஒரு குழு ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துப் போட்டது. இன்னொரு குழு அதே கணக்குகளைக் கலந்து போட்டது. பயிற்சியின்போது முதல் குழுதான் முன்னால் இருந்தது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 63 சதவீதம். வகைபிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதம். ட்ரீ வாரத்தில் ட்ரீ கணக்கு வந்தால், அது ட்ரீ கணக்கு என்று கண்டுபிடிக்கும் வேலையை அட்டவணையே செய்துவிடுகிறது. நேர்காணலில் கேட்கப்படுவதோ அந்தக் கண்டுபிடிப்பைத்தான். ஆகவே ஒரு வகையை அறிமுகப்படுத்திக்கொள்ள ஐந்தாறு கணக்கு போதும். அதன் பிறகு எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டு, வகையின் பெயரை மறைத்துவிட்டுத்தான் பழக வேண்டும்.

விடையைப் படிப்பதும் அப்படியே. ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள்; ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். அவர்கள் கொடுத்தது உரைநடைப் பகுதி, நிரல் இல்லை. இருந்தாலும் தீர்வு வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு "புரிந்துவிட்டது" என்று கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் பழக்கத்துக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை. மூன்று நாள் கழித்து வெற்றுத் திரையில் அதை மறுபடி எழுத முடிந்தால்தான் அந்தக் கணக்கு உங்களுடையது. லிங்க்ட்இன்னில் "500 கணக்கு முடித்தேன்" என்ற பதிவைப் பார்த்து மனம் தளரும் மாணவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு: 120 கணக்கை நன்றாகத் திரும்ப எழுதக்கூடியவர் அந்த 500ஐ விட முன்னால் இருக்கிறார்.

ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்த டூ சம்: எண்களின் பட்டியல் ஒன்று, இலக்கு ஒன்று, கூட்டினால் இலக்கு வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடி. மனப்பாடம் செய்தவர் உடனே ஹேஷ்மேப் என்று எழுதத் தொடங்குவார். நேர்காணலுக்குப் பழகியவர் முதலில் கேட்பார்: பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டதா? ஒரே எண் இரண்டு முறை வருமா? ஒரு உறுப்பையே இரண்டு தடவை பயன்படுத்தலாமா? விடையே இல்லாமல் போகுமா? பிறகு எளிய வழியைச் சொல்வார்: ஒவ்வொரு ஜோடியாகப் பார்க்கலாம், அது என் ஸ்கொயர். ஒரு லட்சம் எண்கள் இருந்தால் ஏறக்குறைய 500 கோடி ஜோடி, அது கட்டாது. ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் மீதியை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமா என்று தேடினால் ஒரு லட்சம் தேடலில் முடியும். அதற்காகக் கொஞ்சம் மெமரி செலவாகும். எழுதும்போது இன்னொரு இடத்தில் நிற்பார்: எல்லா எண்களையும் முதலில் மேப்பில் போட்டுவிட்டுத் தேடினால், இலக்கு 10 ஆக இருந்து பட்டியலில் 5 ஒரே ஒருமுறை இருந்தால், அந்த 5 தன்னையே ஜோடியாகக் காட்டிவிடும். ஆகவே முதலில் தேடு, பிறகு போடு. எழுதி முடித்ததும் 5, 5 என்ற இரண்டு எண்களை வைத்துக் கையாலேயே ஓட்டிப் பார்ப்பார். விடை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் எதிரே இருப்பவருக்கு மதிப்பெண் போட இரண்டாமவரிடம் எவ்வளவோ கிடைக்கிறது.

எளிய கணக்கிலும் ஆழம் இருக்கும் என்பதற்கு பைனரி சர்ச் நல்ல சாட்சி. ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே ஒன்பது ஆண்டுபோல ஒரு பிழை உட்கார்ந்திருந்ததை ஜோஷுவா பிளாக் 2006இல் வெளியிட்டார். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடிக்கிறோம். பட்டியல் மிகப் பெரிதாகி அந்தக் கூட்டல் 214 கோடியைத் தாண்டினால் 32 பிட் முழு எண் நிரம்பி, விடை மைனஸில் போய்விடும். வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கீழ் எல்லையுடன் கூட்டினால் சிக்கல் இல்லை. இந்தக் கதையை ஒப்பிப்பதால் வேலை கிடைக்காது. ஆனால் "இந்த வரி எப்போது உடையும்" என்று தன் நிரலைப் பார்த்துத் தானே கேட்கும் பழக்கம் வந்தவரை எந்த நேர்காணலரும் கவனிக்காமல் விடமாட்டார்.

வாய்விட்டு யோசிப்பதற்குப் பழக்கம் வேண்டும். அது தனியாக உட்கார்ந்து வராது. விடுதி அறை நண்பன் போதும், அண்ணனோ அக்காவோ போதும், நிரல் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. நாற்பத்தைந்து நிமிடம், ஒரு புதுக் கணக்கு, செல்போனில் ஒலிப்பதிவு. மறுநாள் கேட்டுப் பார்த்தால் எங்கே நான்கு நிமிடம் மௌனமாக இருந்தோம், எங்கே குறிப்பு கொடுத்தும் காதில் வாங்கவில்லை என்பது தெரிந்துவிடும். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமை: யோசனை தமிழில் ஓட, வாய் ஆங்கிலம் தேட, இரண்டுக்கும் நடுவில் கணக்கு நழுவிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது, முதல் சில வாரம் தமிழிலேயே விளக்கிப் பழகுங்கள். "இங்கே ஒரு லூப் போட்டு, ஒவ்வொண்ணா எடுத்து, ஏற்கெனவே பார்த்ததான்னு செக் பண்றேன்" என்று தங்குதடையில்லாமல் வந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஒரு நேர்காணலுக்குத் தேவைப்படும் ஆங்கிலம் நாற்பது ஐம்பது வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வருவது அவைதான். தெளிவாக யோசிப்பவரின் எளிய ஆங்கிலத்தை நல்ல நேர்காணலர் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். அப்படி எடுத்துக்கொள்கிறவர் தவறு செய்கிறார் என்பதையும் நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

டேட்டா வேலைகளுக்கு வேறு பாதை. டேட்டா அனலிஸ்ட், டேட்டா இன்ஜினியர், டேட்டா சயின்டிஸ்ட் என்ற மூன்று பெயர்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு வேலையைக் குறிக்கும். அறிவிப்பில் உள்ள வேலை விவரத்தை வரிவரியாகப் படிக்காமல் தயாராக முடியாது. மூன்றுக்கும் பொதுவான வாசல் எஸ்க்யூஎல். மாணவர்கள் டீப் லேர்னிங் வரை போய்விட்டு இதில் வழுக்குகிறார்கள். இரண்டாவது உயர்ந்த சம்பளம் என்ற பழைய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். சம்பளம் 90, 90, 80 என்று மூன்று பேர். ரோ நம்பர் போட்டு இரண்டாவதை எடுத்தால் 90 வரும். ரேங்க் போட்டால் 1, 1, 3 என்று வந்து இரண்டாம் இடமே காணாமல் போகும். டென்ஸ் ரேங்க்தான் 80ஐக் கொடுக்கும். எது சரி என்பது கேட்பவரின் தேவையைப் பொறுத்தது. "சமமாக இருந்தால் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று கேட்பதுதான் முதல் மதிப்பெண். இன்னொன்று: ஒரு ஆர்டரும் போடாத வாடிக்கையாளர்களைக் காட்டு என்கிறார்கள். நாட் இன் என்று எழுதுகிறோம். ஆர்டர் அட்டவணையில் வாடிக்கையாளர் எண் ஒரே ஒரு வரியில் நல் ஆக இருந்தால் போதும், விடை காலியாக வரும். நல் உடன் ஒப்பிட்டால் ஆம், இல்லை இரண்டும் வராமல் தெரியாது என்றே வருவதால் எந்த வரியும் தேறாது. நாட் எக்சிஸ்ட்ஸ் என்று எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாம். இப்படிப்பட்ட இடங்களை உண்மையான அழுக்கு டேட்டாவில் வேலை செய்தவர்கள்தான் அறிவார்கள். ஆகவே சுத்தம் செய்து கொடுத்த டேட்டாசெட்டை விட்டு வெளியே வர வேண்டும்.

அடுத்தது, எண்ணைப் பார்த்துக் காரணம் தேடும் கேள்வி. "போன செவ்வாய்க்கிழமை ஆர்டர் பத்து சதவீதம் குறைந்தது, ஏன்?" உடனே ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறவர் தோற்கிறார். முதலில் டேட்டா சரியா, பதிவாகும் வழியில் ஏதாவது உடைந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு முந்தைய செவ்வாய்களோடு ஒப்பிட வேண்டும். முந்தின வாரம் தீபாவளி என்றால் விழுந்தது இந்த வாரம் இல்லை, எழுந்தது அந்த வாரம். அதற்குப் பிறகு ஊர், ஆப் வெர்ஷன், பணம் கட்டும் வழி என்று பிரித்துப் பார்த்தால், யு.பி.ஐ.யில் மட்டும் ஒரு மணி நேரம் கோளாறு என்பது போன்ற ஒன்று கண்ணில் படலாம். புள்ளியியலிலும் இதே நிதானம்தான் தேவை. ஏ-பி சோதனையைத் தினமும் எட்டிப் பார்த்து, சாதகமாக வந்த நாளில் நிறுத்திவிட்டால் ஏன் ஏமாறுவோம் என்று எளிய சொற்களில் விளக்கத் தெரிய வேண்டும். ஆயிரத்தில் ஒன்று மோசடி என்றால், எதையுமே மோசடி என்று சொல்லாத மாடலுக்கு 99.9 சதவீதத் துல்லியம் கிடைக்கும். அந்த எண் ஏன் வெறுமையானது என்பதிலிருந்துதான் பிரிசிஷன், ரீகால் பேச்சைத் தொடங்க வேண்டும். இந்தத் தேர்வுகளில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலையைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான்கு மணி நேர வேலை என்று சொல்லி மூன்று நாளை விழுங்கும் அசைன்மென்ட்டுகள், வேலையில் இருந்துகொண்டு தேடுபவருக்கும் வீட்டில் குழந்தை வைத்திருப்பவருக்கும் செய்யும் அநியாயம்.

சிஸ்டம் டிசைன் சுற்று பெரும்பாலும் அனுபவம் உள்ளவர்களுக்கே. லிங்க் சுருக்கும் சேவையை வடிவமை என்று கேட்டால், பெட்டி வரைவதற்கு முன் எத்தனை பேர், நொடிக்கு எத்தனை கோரிக்கை, படிப்பது அதிகமா எழுதுவது அதிகமா என்று கணக்குப் போடுகிறவர் தப்பிக்கிறார். 2017இல் வந்த மார்ட்டின் கிளெப்மனின் டேட்டா சிஸ்டம் நூலை மெதுவாகப் படிப்பது, டஜன் வீடியோக்களைவிட மேல்.

நடத்தைக் கேள்விகளில் நம்மவர்கள் இழப்பது அதிகம். அமேசான் தன் 16 தலைமைப் பண்புகளை வெளியிட்டே வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த அனுபவத்தை, சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் கேட்பார்கள். நம் வளர்ப்பில் "நாங்கள் செய்தோம்" என்றுதான் வரும். நீ என்ன செய்தாய் என்று இரண்டாம் முறை கேட்கும்போது பதில் திணறும். அடக்கத்தை விட வேண்டாம். ஆனால் குழுவில் உன் கை பட்ட பகுதியைச் சொல்வது தற்பெருமையாகாது. புராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கிய இறுதியாண்டு புராஜெக்டை ரெஸ்யூமேயில் போட்டவருக்கு இந்தச் சுற்றில் தப்பிக்க வழியே கிடையாது. ஏன் இந்த டேட்டாபேஸ், ஏன் இதைவிட்டு அது என்ற இரண்டு கேள்வி போதும். சின்னதாக இருந்தாலும் தானே எழுதி, தானே உடைத்து, தானே சரிசெய்த ஒன்றைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும்.

செயற்கை நுண்ணறிவு இந்த முறையை இப்போது இரண்டு பக்கமும் இழுக்கிறது. வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் கருவி விடையெழுதிக் கொடுத்துவிடுகிறது என்பதால், குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் இருப்பது நல்லது என்று கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை 2025இல் சொன்னார். அதே ஆண்டில் கேன்வா நிறுவனம் எதிர்த்திசையில் போனது: பொறியாளர் நேர்காணலில் ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்துவதை எதிர்பார்ப்பதாகவே அறிவித்தது. நேரில் கூப்பிட்டால் கருவி இல்லாமல் எழுத வேண்டும். கருவியைக் கொடுத்தால் அது எழுதியதில் பிழை கண்டுபிடிக்க வேண்டும். இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: நிரலை வரிவரியாகப் படித்து, இது ஏன் சரி, எங்கே உடையும் என்று இன்னொருவருக்குச் சொல்லும் ஆற்றல். இன்று தயாராகிறவர் கருவியிடம் விடை கேட்பதைவிட, அதைக் கணக்கு எழுதவைத்து அதிலுள்ள ஓட்டையைத் தேடுவது நல்ல பயிற்சி. நேர்காணலராக நடிக்கவும் அதைப் பழக்கலாம். ஆனால் ஒரு மனிதர் கண் இமைக்காமல் பார்க்கும்போது வரும் நடுக்கத்தை அது தராது. அதற்கு மனிதர்தான் வேண்டும்.

கல்லூரிகளின் பங்கை விட்டுவிட்டு இதை முடிக்க முடியாது. 2022 மார்ச் 1இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம், திறன் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது, நல்ல தொடக்கம். ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் இன்னமும் பிளேஸ்மென்ட் பயிற்சி என்பது மூன்றாம் ஆண்டின் இறுதியில் வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டு வாரம் ஆப்டிட்யூட் நடத்துவதாக நின்றுவிடுகிறது. இத்தனைக்கும் நம் பாடத்திட்டத்திலேயே ஒரு நேர்காணல் இருக்கிறது: லேப் தேர்வின் வைவா. வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் எதிரே உட்கார்ந்து, மாணவர் எழுதிய நிரலைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய இடம். நடப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். முன் ஆண்டு அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய நிரல், மனப்பாடம் செய்த வெளியீடு, ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் இரண்டு வரையறைக் கேள்வி, கையெழுத்து.

அந்த இரண்டு நிமிடம் பத்தாக வேண்டும். செமஸ்டருக்கு இரண்டு லேப் என்று வைத்துக்கொண்டாலும், நான்காம் ஆண்டுக்குள் ஒரு மாணவர் பத்துப் பன்னிரண்டு முறை, தன் நிரலை முன்னால் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவருக்கு விளக்கியிருப்பார். "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பட்டியல் காலியாக வந்தால்? இதே கணக்கு பத்து லட்சம் எண்ணுக்கு என்றால்?" என்று எக்ஸ்டர்னல் கேட்டு, திரையிலேயே ஒரு வரியை மாற்றி ஓட்டிக் காட்டச் சொல்லலாம். பெரிய நகரத்துக்குப் போய்ப் பயிற்சிக்குக் கட்டணம் கட்ட முடியாத கிராமத்துப் பொறியியல் கல்லூரி மாணவிக்கும் அது அவள் கட்டிய தேர்வுக் கட்டணத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய மென்பொருளோ வேண்டாம். மதிப்பெண் தாளில் விளக்கத்துக்கென ஒரு பத்தியும், ஒரு நாள் தேர்வை இரண்டு நாளாக்கும் ஒரு சுற்றறிக்கையும் போதும்.